குறை சொல்ல ஆள் தேடி ஜவ்வாது மலைக்கு

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரியும். "அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாயே" என்பார் என் வீட்டுக்காரர். இப்போதும் சம்பளம் கிடையாது. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, கோவையில் வீட்டில் உட்கார்ந்தபடி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்த மூலமாக வெளியாகும் ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்த்துக் கொடுக்கிறேன்.

ஊர் ஊராக நடந்துபோய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கான மென்பொருள் அது. பெயர், பிரசவத் தேதி, எந்த நாளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் இணையம் இல்லாத இடத்திலும் போனில் குறித்து வைக்கலாம். புதிய பதிப்பு ஞாயிற்றுக்கிழமை வெளியாக இருந்தது. அதற்குள் சோதனைப் பதிப்பை யாராவது நிஜமாகவே பயன்படுத்தி, எங்கே உதைக்கிறது என்று சொல்ல வேண்டும். என் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள். நாற்பது பேரும் கட்டைவிரல் படம் அனுப்புவார்கள். பாதிப் பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். போன பதிப்புக்கும் இப்படி நாற்பது கட்டைவிரல் வந்தது. வெளியான மறுநாளே ஒரு தன்னார்வலர் அம்மாவின் பட்டியலில் பாதிப் பெயர்கள் மாயமாகிவிட்டன. அவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டவள் நான். கேட்டு முடித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை ஒரே ஒரு குறை வந்திருந்தது. ஜவ்வாது மலையில், காவலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து செல்வி என்பவர் எழுதியிருந்தார்: "பேரு எழுதினேன். அப்பறம் காணோம்." அவ்வளவுதான். எந்தப் பெயர், எப்போது, எப்படி, ஒன்றும் இல்லை. திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. நாற்பது கட்டைவிரலை நம்புவதா, இந்த ஒரு வரியை நம்புவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பழைய சந்தையில் மூடி கழற்றுகிற மாதிரியான நான்கு போன்களை வாங்கி, சோதனைப் பதிப்பை அவற்றில் ஏற்றி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டேன். இட்லியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காபியைப் பற்றிப் பேச விரும்பவில்லை. மலைக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒருவர் பெரிய பலாப்பழத்தைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தார். "நீங்க உக்காருங்க, பழத்தைக் கீழ வெச்சுக்கலாம்" என்றேன். "கீழ வெச்சா உருளும்மா. நானு உருள மாட்டேன்" என்றார்.

ஏழாவதோ எட்டாவதோ வளைவில் பேருந்து புகைவிட்டு நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"ஆறணும்மா."

"அதான், ஆற எவ்வளவு நேரமாகுங்க?"

"ஆறுற வரைக்கும் ஆவும்."

எங்கள் ஊரில் பேருந்து இரண்டு நிமிடம் நின்றால் மூன்று பேர் பணிமனைக்குப் போன் போடுவார்கள், நான்காவது ஆள் நான். இங்கே யாரும் முகம்கூடச் சுளிக்கவில்லை. பலாப்பழக்காரர் பழத்தை அறுத்து எல்லாருக்கும் சுளை கொடுத்தார். ஓட்டுநருக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு இரண்டு பங்கு. ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பியபோது பழம் தீர்ந்திருந்தது, அவருக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. குறை சொல்லத் தெரியாத ஜனங்களிடம் குறை கேட்க வந்திருக்கிறோமே என்று அப்போதே லேசாக உறைத்தது.

புதன்கிழமை வருகிறேன் என்று அனுப்பிய செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. செல்வி நிறுத்தத்தில் ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஏழு சிற்றூர்களுக்கு நடந்தும் வண்டியிலும் போய் வருகிறவள். கணவன் ஏழுமலைக்குக் கொஞ்சம் நிலம், சாமை விதைக்கிறார்கள். வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நான் அரிசிச் சோற்றுக்காரி. இருந்தாலும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவியதும் முதல் வேலையாகக் கேட்டேன்: "பேர் காணோம்னு எழுதியிருந்தீங்களே, அது என்ன ஆச்சு?"

செல்வி கணவனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். இப்ப நல்லாகீதுங்க."

"பேர் திரும்ப வந்துடுச்சா?"

"வரலீங்க. ஆனா நல்லாகீதுங்க."

இதற்கு மேல் என்ன கேட்பது? முகம் தெரியாத ஒரு பெட்டிக்குள் எழுதிப் போட்ட குறையை, பெட்டிக்குச் சொந்தக்காரி நேரில் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. குழம்பு நன்றாக இருந்ததால் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழன் காலை அவளோடு சுற்றுக்குப் போனேன். எங்கள் பேட்டையில் ஒரு தெருவைத் தாண்டவே ஆட்டோ பிடிக்கிறவள் நான். அன்று மூன்று சிற்றூர்கள் நடந்தேன். போன இடத்திலெல்லாம் போனைக் கொடுத்து அவரவர் பெயரைப் பதியச் சொல்லி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாகீதுங்க." ஒரு பெண் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள்.

மூன்றாவது ஊரில் குப்புவைப் பார்த்தேன். நிறைமாதம். பிரசவத் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள். முதல் பிரசவம். கணவன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். பிரசவத் தேதிக்குப் பத்து நாளாவது முன்பே கீழே இறங்கிவிட வேண்டும் என்றாள் செல்வி. மழை பிடித்தால் அந்த ஊருக்கு ஜீப் ஏறாது. போன வருடம் தேதி பிசகி ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி இறக்கியிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது.

"அதெல்லாம் இந்த நோட்லதான் எழுதி வெப்பேன்" என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். மழையில் நனைந்து காய்ந்து அப்பளமாகப் பொரிந்திருந்தது. பாதிப் பக்கங்களில் மை ஓடியிருந்தது. "ஞாயித்துக்கெழம உங்க புதுசு வந்துச்சின்னா இத்த வுட்டுடலாம்னு கீறேன் மேடம். எல்லாம் போன்லயே போய்டும்."

இவள் நோட்டை விட்டுவிடப் போகிறாள். மென்பொருள் பெயர்களைத் தின்கிறது. எப்படித் தின்கிறது என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மரியாதைக்காக வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். கையில் இருப்பது மூன்று நாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது ஏழுமலை நிலத்தில் ஒரு கூட்டம். சந்தவாசலிலிருந்து ஒருவர் காளை ஒன்றை விற்பதற்காக ஓட்டி வந்திருந்தார். ஏழுமலை அதைத் தன் காளையோடு ஜோடி சேர்த்து ஏரில் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டே உரக்கக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எடது பக்கமே இழுக்குது. திருப்பத்துல நின்னுடுது. பின்னங்கால் எட்டி வெக்கல. இன்னாப்பா, கொம்புல புண்ணு கீது, சொல்லவே இல்ல?"

காளையின் சொந்தக்காரர் வரப்பில் உட்கார்ந்து கோபமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அவரே, "வெயில்ல கொஞ்சம் மூச்சு வாங்கும், அதையும் பாத்துக்கோ" என்று எடுத்துக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு குறை கண்டுபிடித்தார்கள். தலைகீழாகப் போனைப் பிடித்திருந்த பெண்கூட, வாலைப் பற்றி ஏதோ சொன்னாள். காலையில் என் மென்பொருளை நல்லாகீது என்ற வாய்கள்தாம் எல்லாம்.

"இவ்வளவு குறை சொல்றாரே, அவர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு கோவிச்சுக்கணும்? மாடு இன்னும் எங்களுது ஆவலியே. மூணு நாளு ஏர்ல கட்டிப் பாப்போம். அந்த மூணு நாளு எல்லாத்தையும் சொல்லணும். சொல்லாம வாங்கிட்டு அப்பால சொன்னாத்தான் தப்பு."

"அப்ப என் மென்பொருளைப் பத்தி ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"நீங்க கொண்டாந்து குடுத்தீங்க மேடம். அவ்ளோ தூரத்துலருந்து வந்து குடுத்ததை நொட்டை சொல்வாங்களா?"

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. நேராக வயலில் இறங்கினேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய், எல்லார் முன்னாலும் சொன்னேன்: "ஏனுங்க, நான் கொண்டுவந்ததை உங்களுக்குக் கொடுக்கலைங்க. கட்டிப் பாக்கத்தான் கொண்டுவந்திருக்கேன். மூணு நாள் ஓட்டிப் பாருங்க. சரியில்லைன்னா திருப்பி ஓட்டிட்டுப் போயிடறேன்."

ஏழுமலை ஏரை நிறுத்தினார்.

"அப்ப குறை சொல்லலாமா?"

"சொல்லணுங்க."

"சரி. எழுத்து எறும்பு மாதிரி கீது. வூட்டு நம்பர் கேக்குது, இங்க யார் வூட்டுக்கு நம்பர் கீது? அது இல்லாம அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது."

காளையை விட்டுவிட்டார்கள். இருட்டுவதற்குள் ஒன்பது குறைகள் வந்துவிட்டன. தட்டினால் எழும் ஓசைக்கு ஆடு மிரள்கிறது. களி கிண்டிய கையால் தொட்டால் வேலை செய்வதில்லை. கணவன் போன் நம்பரைக் கேட்கிறது, கணவனிடம் போன் இல்லை. குறித்துக்கொள்ளக் கை போதவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை. நான்கு போன்களையும் நான்கு பெண்களிடம் கொடுத்தனுப்பினேன், ஒன்று குப்புவுக்கு. செல்வி அன்றிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அக்கா என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை போன்களைப் பார்க்கப் போனால் நான்கிலும் உயிர் இல்லை. காற்றடித்தால் அங்கே மின்சாரம் இருக்காது. ஆனால் அதற்கு அவர்களிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. போன்கள் வீட்டிலேயே இருக்கும். பேட்டரிகளை மட்டும் கழற்றி, மஞ்சள் பையில் போட்டு, பால் ஏற்றிப்போகும் ஜீப்பில், சாலைகள் கூடும் கூட்டுரோட்டுக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் வரிசையாகக் கவ்விப் பிடித்துச் சார்ஜ் ஏற்றி மதியம் அதே ஜீப்பில் திருப்பி அனுப்புவார். எந்தப் பேட்டரி யாருடையது என்பதற்கு அதன்மேல் சாந்துப்பொட்டு, விபூதிக் கோடு, பெவிகால் ஒட்டிய நூல் என்று ஆளுக்கொரு அடையாளம். ஒன்றுகூட மாறவில்லை. எங்கள் வீட்டில் ஒரே சார்ஜருக்கு மூன்று பேர் சண்டை போடுகிறோம்.

மதியம் பேட்டரி வந்தது. குப்பு தன் விவரங்களைப் பொறுமையாகப் பதிந்தாள். நான் அவள் மாமியார் கொடுத்த பாலில்லாத வரக்காப்பியைக் குறை சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தேன். குப்பு போனை மூடித் திறந்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நான் இதுல இல்லியே."

வாங்கிப் பார்த்தேன். நேற்றுப் பதிந்த செல்வி இருந்தாள், மற்ற பெண்கள் இருந்தார்கள். குப்பு இல்லை. மறுபடி பதியச் சொன்னேன். மறுபடி காணோம். அப்போதுதான் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி. பேட்டரியைக் கழற்றினால் அந்தப் போன்கள் தேதியை மறந்துவிடும். சிக்னல் இருக்கிற ஊரில் நொடியில் தானாகச் சரியாகிவிடும். இங்கே சிக்னல் இல்லை. போனில் தேதி பார்க்கும் பழக்கமும் யாருக்கும் இல்லை, சுவரில் காலண்டர் இருக்கிறது. எங்கள் புதிய பதிப்போ தேதியை வைத்துத்தான் எது புதிய பதிவு, எது பழையது என்று முடிவு செய்யும். பத்து வருடப் பழசு என்று நினைத்துக் குப்புவைக் குப்பையில் போட்டுவிட்டது.

"உங்களுக்கும் இப்படித்தானே ஆச்சு?" என்று செல்வியைக் கேட்டேன்.

"ஆமாங்க்கா. பேட்டரி வந்த அன்னிக்கித்தான் காணாம போச்சி" என்றாள். புதன்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாள், விருந்தாளியாயிற்றே.

சிக்னல் கிடைப்பது ஊருக்கு மேலே ஒரு பாறையில். ஏழுமலை வண்டியில் கூட்டிப்போனார். பாதியில் பெட்ரோல் தீர்ந்தது. அவர் தள்ள, நான் பின்னால் கை வைத்துத் தள்ளுவது போலப் பாவனை செய்து மேலே போய்ச் சேர்ந்தோம். ஜெர்மனியில் இருக்கும் மதனைக் கூப்பிட்டேன். வேலைக்குப் போன நேரம் போக இந்த மென்பொருளை எழுதுகிற பிள்ளை. தங்கமானவன், ஆனால் தேதி தள்ளிப்போனால் அவனுக்குக் காய்ச்சல் வரும்.

"நாப்பது பேர் சரின்னு சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. ஒரு போன்ல, அதுவும் பேட்டரியக் கழட்டினா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாமே."

"அந்த ஒரு போன்ல நிறைமாசப் பொண்ணு இருந்தா மதன். இப்ப இல்ல. திங்கட்கிழமையிலிருந்து இங்க நோட்டும் இருக்காது."

சிக்னல் போய்விடுமோ என்று பாறையில் இரண்டடி நகர்ந்தேன். "நாளைக்கு அனுப்பறேன்" என்றான்.

சொன்னபடி சனிக்கிழமை மதியம் திருத்தியதை அனுப்பிவிட்டான். பாறையில் இறக்கிக் கொண்டுவந்து நான்கு போன்களிலும் ஏற்றினோம். பிறகு பேட்டரிகளைக் கழற்றி முறத்தில் வைத்துவிட்டு, களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டோம். திரும்பப் போட்டோம். தேதி அதே பழைய ஜனவரி. குப்பு பதிந்தாள். மூடினாள். திறந்தாள். ஏழுமலை, சந்தவாசல்காரர், மாமியார், எல்லாத் தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் கவிந்திருந்தன.

"கீறேன்" என்றாள் குப்பு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் கைதட்டவில்லை. "எழுத்து இன்னும் சின்னதாத்தான் கீது" என்றார் ஏழுமலை. அவர் காளையை வாங்கிவிட்டார். மூச்சு வாங்குவதைச் சொல்லி விலையில் நாலாயிரம் குறைத்தாரா ஐயாயிரமா என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கதை சொல்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை குப்பு கீழே இறங்க வேண்டிய நாள். மாமியார் கூடப் போவதாக ஏற்பாடு. காலையில் அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. செல்வி அடுத்த ஊரில் வேறொரு பெண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். திருப்பத்தூரில் மில் வேலை பார்க்கும் குப்புவின் தங்கை சாயங்காலம்தான் வருவாள். "பஸ்லதான, நானே போய்டுவேன்" என்று குப்பு பையைத் தூக்கிக்கொண்டு, நான் ஊர் திரும்ப ஏறியிருந்த பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மலை இறங்க இறங்க என் போனுக்கு உயிர் வந்தது. குழுவில் புதிதாகச் சில கட்டைவிரல்கள். மதன் கேட்டிருந்தான்: வெளியிடலாமா? ஆம் என்று எழுதி, சோதித்தவர்கள் பட்டியலில் போட வேண்டிய பெயர்களையும் அனுப்பினேன். "உன் பேரும் போட்டாச்சு குப்பு. வேற குறை ஏதாவது பாக்கி இருக்கா?" என்று சும்மா கேட்டேன்.

அவள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கீதுக்கா. எந்தத் தேதிக்குப் போவணும்னு கேக்குது. எங்க போவணும்னு கேக்குது. கூட யார் வர்றாங்கன்னு கேக்கவே இல்லியே."

அந்தக் குறையை அன்றைக்குள் மதனால் திருத்த முடியாது. கோவைக்கு மதியம் எனக்கு ரயில் இருந்தது. திருப்பத்தூரில் இறங்கியதும் அவள் பையை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பெரிய தடித்த பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு நிமிர்ந்தார். "கூட வந்தவங்க யாரு?"

"நான்தாங்க" என்று பெயரைச் சொன்னேன்.

"என்ன உறவு?"

நான் வாயெடுப்பதற்குள் குப்பு முந்திக்கொண்டாள். "கூடப் பொறந்த அக்கா."

நர்ஸ் என் நரைத்த தலையையும் அவளையும் ஒரு தரம் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். தவறான பதிவு. பார்த்துக்கொண்டே நின்றேன், திருத்தச் சொல்லவில்லை.